கிராமத்துச் சுகம் வீவக வீட்டில் (சிங்கப்பூர் அரசின் அடுக்குமாடி வீடு) கிடைக்குமா?

வரப்போரம்:
வேலை ஓய்வுக்குப் பிறகு சிங்கப்பூரை விட்டு ஊர்ப்பக்கம் போய்விடலாம் என்று இங்கே யார் எழுதினாலும், "அதெல்லாம் காரிடாரிலேயே தொட்டி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று உடனே ஒரு பதில் விழுகிறது. முடியாது என்பது என் கட்சி. தாளிக்கிற நேரத்தில் ஓடிப்போய்ப் பறிக்கக் கறிவேப்பிலை, மொட்டைமாடியில் காயும் மோர்மிளகாய், கிணற்றடிக் குளியல். பெரிய ஆசைகள் இல்லை. ஆனால் இவற்றுக்கு வேண்டிய வெயிலும் மண்ணும் புளோக்கில் அளந்துதான் கிடைக்கும்.

மோர்மிளகாயையே எடுங்கள். சற்றுத் தடித்த பச்சை மிளகாய் 1 கிலோ. காம்பை ஒட்ட நறுக்கக் கூடாது, பாதி விட்டு நுனியில் ஒரு கீறல் போட வேண்டும். 1 லிட்டர் புளித்த கெட்டித் தயிரைக் கடைந்து 100 கிராம் கல்லுப்புச் சேர்த்து இரண்டு நாள் ஊற வைப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் வடித்துப் பாயில் பரப்பி, பொழுது சாய்ந்ததும் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்க வற்றும்வரை இப்படியே. பிறகு வெறும் வெயிலில் இரண்டு மூன்று நாள். சித்திரை வெயிலுக்கு ஒரு வாரத்தில் முடிகிற வேலை. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். தோல் சுருங்கிக் காய்ந்தது போல இருக்கும், உள்ளே விதைப்பக்கம் ஈரம் நிற்கும், டப்பாவில் போட்டால் காம்படியில் பூஞ்சை பூக்கும்.

பத்தாம்மாடி:
மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

கறிவேப்பிலைக்கு மாடி எத்தனை என்பது கணக்கே இல்லை, வீடு எந்தத் திசை என்பதுதான் கணக்கு. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 பாகையில். மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை வெயில் வடக்குப் பக்கம் விழும், மற்ற மாதங்களில் தெற்கு. அதனால் வடக்குப் பார்த்த காரிடாரில் ஜூலையில் தழைத்த செடி டிசம்பரில் இலை கொட்டும். உடனே தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றுவார்கள், வேர் அழுகும். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த வீடு என்றால் ஆண்டு முழுதும் நேர்வெயில் அரைநாளாவது கிடைக்கும். அது போதும்.

தொட்டி 35 முதல் 40 சென்டிமீட்டர் வாய். சின்னக் கன்றை நேரே அதில் நட வேண்டாம், ஈரம் காயாது. இடையில் ஒரு சின்னத் தொட்டி மாற்றுங்கள். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும். மொட்டு வந்தால் தயங்காமல் கிள்ளுங்கள், காய் பிடித்தால் தழை நின்றுவிடும். இலை பிசுபிசுத்து மேலே கரி படிந்தாற்போல் இருந்தால் அது நோய் இல்லை, மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ கழித்த இனிப்பு நீரும் அதன்மேல் வளரும் கரும்பூஞ்சையும். எறும்பு ஏறுவதுதான் முதல் அடையாளம். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து இலையின் அடிப்பக்கம் அடியுங்கள். பறவை எச்சம் போல இலைமேல் கிடப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் எடுத்தால் போதும், மருந்து வேண்டாம்.

மோர்மிளகாய்க்கு பிப்ரவரி. இங்கே மழை குறைந்த மாதம், காற்றும் உண்டு. கடைசிக் காய்ச்சலை மட்டும் விசிறி உள்ள ஓவன் அடுப்பில் 60 பாகை செல்சியஸில், கதவில் ஒரு விரல் இடம் விட்டு முடிக்கலாம். ஆறிய பிறகு குலுக்கினால் விதை சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் திரும்ப உள்ளே வையுங்கள்.

வரப்போரம்:
அடுப்பில் காய்ந்தது வெளுக்காது ஐயா. வெயிலில்தான் அந்த வைக்கோல் நிறம் வரும். சூடு கொஞ்சம் கூடினாலும் பழுப்பேறி, எண்ணெயில் போட்டதும் கருகும். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கரி எதற்கு?

சட்டப்புள்ளி:
இரண்டு தரப்பும் விதிகளை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள்.

இங்கே: காரிடாரில் தொட்டி வைத்தால் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி கூடவே கூடாது. தொட்டிக்கடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் நின்று கொசுப்புழு கண்டால் அபராதம். தட்டை எடுத்துவிடுங்கள், இறுகிய மேல்மண்ணையும் கிளறிவிடுங்கள், அதன்மேலும் தண்ணீர் தேங்கும். நிலம் வேண்டுமென்றால் தேசிய பூங்காக் கழகத்தின் வாடகைப் பாத்தி உண்டு. 2.5 மீட்டருக்கு 1 மீட்டர், ஆண்டுக்கு 57 வெள்ளி, ஜிஎஸ்டி தனி, மூன்று ஆண்டு குத்தகை. குலுக்கலில் பெயர் விழ வேண்டும்.

ஊரில்: ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவரும், இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே நிரந்தரவாசியாக இருப்பவரும் இந்தியாவில் விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு எதுவும் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். குடியிருப்பு மனையும் வீடும் வாங்கலாம். "ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டு" என்று பேச்சைத் தொடங்குகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள். இன்னொன்று, இங்கிருக்கும் வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விடும் உரிமை குடிமக்களுக்குத்தான், நிரந்தரவாசிகளுக்கு இல்லை.

கூலாய்க்காரி:
ஏன் எல்லாரும் தஞ்சாவூருக்கே பறக்கிறீங்க? பக்கத்துல மலேசியாவிலே ஜோகூர் இருக்கே. ஒற்றை மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தா பின்னாடி கொஞ்சம் மண்ணு கிடைக்கும், முருங்கை வைக்கலாம், கொடி கட்டித் துணி காயப்போடலாம். மூங்கில் கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்டி மேல்வீட்டுத் தண்ணி சொட்டுமான்னு பார்க்கிற வேலை கிடையாது. அதுவே எனக்குப் பெரிய சுகம்.

சட்டப்புள்ளி:
வாடகைக்கு என்றால் சரி. வாங்குவதென்றால் ஜோகூரில் வெளிநாட்டவருக்குக் குறைந்தபட்ச விலை 10 லட்சம் ரிங்கிட். வீவக வீட்டின் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியும்வரை வெளிநாட்டிலும் தனியார் வீடு வாங்கக் கூடாது. வழக்கமான வீட்டுக்கு அது 5 ஆண்டு, நல்ல இடங்களில் கட்டப்படும் பிளஸ், பிரைம் வகை வீவக வீடுகளுக்கு 10.

பத்தாம்மாடி:
கூலாய்க்காரி அக்கா, ஜோகூரில் முருங்கை மரம் வரும், காய்க்கு உத்தரவாதம் இல்லை. அங்கேயும் இதே மழைதான். அடைமழையில் பூ கொட்டும், ஈரம் விடாத மண்ணில் தழைதான் மண்டும். கீரைக்கென்று வையுங்கள். பிகேஎம் 1 என்ற முருங்கை ரகத்தின் விதை போட்டு, 75 சென்டிமீட்டரில் நுனி கிள்ளி, இடுப்புயரத்திலேயே வெட்டி வெட்டி எடுங்கள். தமிழ்நாட்டில் அதே ரகம் ஆறாம் மாதமே காய்ப்புக்கு வரும். இந்த ஒன்றில் வரப்போரம் சொல்வது நியாயம்.

ஆனால் அந்தக் கிணற்றடிக் குளியல்! கிணற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கதையை யாரும் சொல்வதே இல்லை.

வரப்போரம்:
சொல்கிறேன், கேளுங்கள். கழிவறைக் குழியிலிருந்து கிணறு குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பழைய வீட்டை வாங்கும்போது ஓட்டையும் உத்திரத்தையும் பார்ப்பதற்கு முன் இதை அளக்க வேண்டும். பிறகு பிளீச்சிங் பவுடர். விட்டம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்று வையுங்கள். இரண்டை இரண்டால் பெருக்கி, மூன்றால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் 9.42 கன மீட்டர், அதாவது 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் சுமார் 24 கிராம். பொடியை நேரே கொட்டக் கூடாது. முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு வாளி நிறைய ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்து, அதைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அடியில் நிற்கும் சுண்ணாம்பு உள்ளே போனால் தண்ணீர் கடினமாகும். ராத்திரி போட்டுவிட்டால் காலையில் குளிக்கலாம். பொடி பழசாகி வாசனை போயிருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

இதெல்லாம் தொல்லையாகத் தெரிந்தால் குழாய்த் தண்ணீரில் குளியுங்கள். எனக்கு இந்த வேலையும் சுகத்தோடு சேர்த்திதான்.

பத்தாம்மாடி:
மின்சாரம் போய் மோட்டார் நின்றாலும் சேர்த்திதானா?

வரப்போரம்:
அதற்குத்தான் ராட்டினமும் கயிறும்.

கூலாய்க்காரி:
சண்டை போதும். தை மாசம் ஊருக்குப் போய் மல்லிகை, மோர்மிளகாய், நுங்கு எல்லாம் பார்த்துட்டு ஆனியிலே திரும்பி வரலாமே. வீட்டை விக்கவும் வேண்டாம், நிலம் வாங்கவும் வேண்டாம்.

பத்தாம்மாடி:
நல்ல யோசனை. அந்த ஐந்து மாதமும் காரிடார்ச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? அடியில் தண்ணீர் தேக்கும் தொட்டி வாங்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பூட்டிய வீட்டு வாசலில் கொசுப்புழு கண்டாலும் அபராதம் நம் பெயருக்குத்தான் வரும். எதிர்வீட்டுக்காரரைக் கேட்பதானால் முதலில் பாதித் தழையை வெட்டி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். வெட்டிவிட்ட செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும்.