டிவி தொடர் பார்க்கும்போது, இது அரைத்த மாவு என்று முதலில் எப்போது கண்டுபிடித்தீர்கள்?

எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு சட்டம் உண்டு, டிவி ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது. காரணம் பழைய ஸ்டார் டிரெக், விண்கப்பலில் கிரகம் கிரகமாகப் போகிறவர்களின் கதை. 1966இல் தொடங்கிய அந்த முதல் தொடரை அண்ணனோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேப்டன், அவருடைய துணை அதிகாரி ஸ்பாக், டாக்டர், கூடவே அதுவரை நாம் பார்த்தே இராத ஒரு சிவப்புச் சட்டைக்காரர், நாலு பேரும் ஏதோ ஒரு கிரகத்தில் இறங்குகிறார்கள். "அந்தச் சிவப்புச் சட்டை காலி" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, காலி. ஏற்கெனவே பார்த்துவிட்டு நடிக்கிறாய் என்று அண்ணனுக்குக் கோபம். அடுத்த வாரமும் சொன்னேன், அன்றைக்குத்தான் சட்டம் வந்தது. 1987இல் வந்த புது ஸ்டார் டிரெக் தொடரில் கேப்டனுக்கே சிவப்பைக் கொடுத்துவிட்டார்கள், பழக்கதோஷத்தில் முதல் சில எபிசோடுகளை அவருக்காகப் பயந்துகொண்டே பார்த்தேன்.

காமெடியோ விண்வெளியோ, திரும்பத் திரும்ப வரும் இந்த மாதிரி சங்கதியை நீங்கள் எங்கே பிடித்தீர்கள்? சொல்லுங்கள்.

* * *

"செத்தாலும் அந்தக் கல்யாணத்துக்கு நான் போக மாட்டேன்!" அடுத்த ஷாட், ஆள் கல்யாணப் பந்தலில். இதற்கு கில்லிகன் கட் என்று பெயரே இருக்கிறது, 1964இல் வந்த கில்லிகன்ஸ் ஐலண்ட் காமெடித் தொடரிலிருந்து ஒட்டிக்கொண்டது. நூறு தடவை பார்த்தாயிற்று, நூற்றியோராவது தடவையும் சிரிப்பு வருகிறது. என்ன செய்ய.

* * *

என் கதை கொஞ்சம் அவமானமானது. மேலே சொன்ன அதே 1987 தொடரில், 1992இல் வந்த ஒரு எபிசோட். ஆரம்பத்திலேயே கப்பல் வெடித்து எல்லோரும் செத்துப்போகிறார்கள். விளம்பர இடைவேளை முடிந்து பார்த்தால் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். திரும்ப வெடிக்கிறது, திரும்பச் சீட்டு. அரைத் தூக்கத்தில் இருந்த எனக்கு ஒளிபரப்பில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றி, எழுந்துபோய் டிவியின் பின்பக்க ஒயரையெல்லாம் பிடுங்கிச் சொருகினேன். அப்புறம்தான் தெரிந்தது கதையே அதுதான், காலச் சுழல். பல வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். ஒரே காட்சியை எடுத்து ஒட்டவில்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் கேமராவை வேறு வேறு கோணத்தில் வைத்துப் புதிதாகவே எடுத்திருக்கிறார்கள். நடிகராகவும் இருந்த ஜோனதன் ஃப்ரேக்ஸ்தான் இயக்குநர். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்த ஒன்றுக்கு மற்ற எபிசோடுகளைவிட அதிகம் மெனக்கெட்டிருக்கிறார்கள்.

உண்மையான சோம்பேறித்தனம் வேண்டுமென்றால் அதே தொடரின் இரண்டாம் சீசன் கடைசி எபிசோடைப் பாருங்கள், 1989. கேப்டனுக்கு அடுத்த அதிகாரி ரைக்கர் மயக்கத்தில் கிடக்கிறார், அவருக்குப் பழைய ஞாபகங்கள் வருவதாகச் சொல்லிப் பழைய எபிசோடுகளின் துண்டுகளைக் கோத்து ஓட்டிவிட்டார்கள். கையில் காசு தீர்ந்துபோய் மூன்றே நாளில் முடித்த வேலையாம்.

* * *

அந்தக் காசு விஷயத்தில் எனக்கும் சொல்ல இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து ஒரு குட்டி அறிவியல் புனைவு நாடகம் போட்டோம், எழுதியது நான். கப்பல் தரையிறங்கும் காட்சியைப் பிரமாதமாக எழுதிவிட்டு, அதை மேடையில் காட்ட எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்ட அன்று ராத்திரியே எல்லோரையும் ஒளியில் கரைத்துக் கிரகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஸ்டார் டிரெக்கிலும் ஆளைக் கரைத்து அனுப்பும் கருவி பிறந்தது இதே காரணத்தால்தான், வாரா வாரம் கப்பலை இறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது.

விஞ்ஞான வசனமும் அப்படித்தான். பின்னாளில் வந்த ஸ்டார் டிரெக் தொடர்களில் எழுத்தாளர்கள் கேப்டன் பேச வேண்டிய இடத்தில் வெறுமனே "டெக்" (டெக்னாலஜியின் சுருக்கம்) என்று போட்டுவிட்டுப் போவார்களாம், அந்த ஓட்டையை ஆலோசகர்கள் பிறகு நிரப்புவார்கள். ரொனால்ட் மூர் சொன்னது இது, அவரே அங்கே எழுதியவர். இதைப் படித்த தைரியத்தில் நானும் "டெக்" என்று எழுதி விட்டுவிட்டேன். எங்கள் நடிகர் ஒத்திகையில் அதை அப்படியே, முகத்தில் அவ்வளவு கவலையோடு, "டெக் டெக்காகி டெக் ஆகிவிட்டது கேப்டன்" என்று பேசினார். மாற்றவே இல்லை. கைத்தட்டல் வாங்கிய ஒரே வசனம் அதுதான்.

* * *

நான் பார்த்தது டிவியில் இல்லை, ஆபீசில். காமெடித் தொடர்களில் பாதிப் பேச்சை ஒட்டுக்கேட்டுவிட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வார்களே, அந்த அபத்தம். இதெல்லாம் நிஜத்தில் நடக்குமா, கதவைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது என்று நான் ரொம்ப வருடமாகக் கிண்டலடித்த ஆள். ஒரு நாள் மேலதிகாரி அறையிலிருந்து, "இதுக்கு மேல வெச்சுக்க முடியாது, இந்த மாசத்தோட அனுப்பிடலாம், நாலு வருஷம் உழைச்சது போதும்" என்று கேட்டது. நான் சேர்ந்து சரியாக நாலு வருடம். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பயோடேட்டாவைத் தூசி தட்டினேன், இழுப்பறையைக் காலி செய்தேன். நாலாம் நாள் இரண்டு பேர் வந்து பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நம் மொழியில் இந்த மாதிரி வசனம் எழுதுவது உண்மையிலேயே கஷ்டம் என்பது பிறகுதான் உறைத்தது. "உழைச்சான்", "உழைச்சுது" என்று வினைமுற்று வந்தாலே ஆளா பொருளா என்பது வெளிச்சமாகிவிடும். ஆளுக்கும் பொருளுக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிற "உழைச்சது போதும்" என்று சொன்னதால்தான் நான் மாட்டினேன். ஏன் கதவைத் திறந்து கேட்கவில்லை என்றால், பயம். தொடர்களில் வருபவர்களும் அதனால்தான் கேட்பதில்லை போல.

* * *

யாரும் பதிவுசெய்த சிரிப்பொலியைச் சொல்லவில்லையே. சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950களில் விசைப்பலகை வைத்த பெட்டி ஒன்றையே செய்தார், ஒரு விசைக்கு ஒரு வகைச் சிரிப்பு. எனக்கு அது இருந்தால் எரிச்சல், இல்லாவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி. மேஷ் என்ற காமெடித் தொடரில் ராணுவ மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி வராது. அது தெரியாமலேயே பார்த்தேன். அந்தக் காட்சிகள் வந்தாலே வயிற்றில் ஏதோ பிசைகிறது, ஏனென்று புரியவில்லை. டிவிடியில் சிரிப்பை முழுக்க அணைத்துவிட்டுப் பார்க்கும் வசதி இருந்தது. அப்படிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது, அதே நகைச்சுவை, ஆனால் தொடர் முழுக்கவே அந்த அறை மாதிரி ஆகிவிட்டது. திரும்பச் சிரிப்பைப் போட்டுக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

* * *

தொடங்கிவைத்தவன் மறுபடி வந்திருக்கிறேன். பிரிண்டர்காரருக்குக் கும்பிடு. அண்ணனிடம் இதையெல்லாம் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் புதுத் தொடரை நிறுத்தினார். "சரி, இதுல யாரு போவான்?" என்றார். சொல்லவில்லை. சட்டம் சட்டம்தான்.