நாளுக்கு நாள் டோஸ் மாறும் மருந்துகளை ஆர்டர் மென்பொருளில் எப்படிப் போடுவது?

கூடலூர்_மருந்தகம்:

வணக்கம். எங்கள் மருத்துவமனை மென்பொருளில் மருந்து, டோஸ், எத்தனை வேளை, எத்தனை நாள் என்று நாலு கட்டம்தான். காலை–மதியம்–இரவு என்று தனித்தனி எண் போடும் வசதியும் உண்டு. தினமும் ஒரே டோஸ் என்றால் சிக்கலே இல்லை. மாட்டிக்கொள்வது மூன்று இடத்தில்.

முதலாவது, சிக்கிள் செல் (பரம்பரை ரத்தச் சோகை) நோயாளிகளின் ஹைட்ராக்ஸியூரியா. 45 கிலோ எடை, கிலோவுக்கு 15 மி.கி. என்றால் நாளுக்கு 675 மி.கி. கையில் இருப்பது 500 மி.கி. கேப்சூல் மட்டும். வாரத்தில் 5 நாள் ஒன்று, 2 நாள் இரண்டு என்று டாக்டர் குறிப்புக் கட்டத்தில் எழுதுகிறார். மென்பொருள் அந்தக் குறிப்பைப் படிக்காதே. 28 நாளுக்கு 28 கேப்சூல் என்று கணக்குப் போட்டுவிடுகிறது. வேண்டியது 36. நான்காவது வாரம் தொடங்கியதுமே மருந்து தீர்ந்துவிடும். பந்தலூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள் அதற்காக இன்னொரு தடவை பஸ் ஏறி வர வேண்டும்.

அடுத்து, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டின் டேப்பர், அதாவது டோஸைப் படிப்படியாகக் குறைப்பது. 40, 30, 20, 10, 5 மி.கி., ஒவ்வொன்றும் 5 நாள். இரண்டாவது படியைப் போடும்போது ‘இந்த மருந்துக்கு ஏற்கெனவே ஆர்டர் இருக்கிறது’ என்று மறுக்கிறது.

கடைசியாக, காலை 20, இரவு 12 யூனிட் 30/70 இன்சுலின். எத்தனை குப்பி தருவது என்பது சரியாக வருவதில்லை.

குன்னூர்_பார்மசிஸ்ட்:

இன்சுலினை முதலில் முடித்துவிடலாம். காலை–மதியம்–இரவு கட்டத்தில் 20-0-12 என்றே போடுங்கள். அலகு ‘யூனிட்’ ஆகத்தான் இருக்க வேண்டும். மில்லி என்ற தேர்வே அந்த மருந்துக்குத் திரையில் வரக் கூடாது. நம்மிடம் வரும் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா 100 யூனிட். மில்லியில் எழுதினால் ஆளுக்கு ஆள் இரண்டரை மடங்கு வித்தியாசம் வந்துவிடும். 10 மில்லி குப்பியில் 400 யூனிட். நாளுக்கு 32, 28 நாளுக்கு 896. இரண்டு குப்பி 25 நாளுக்குத்தான் வரும், ஆகவே மூன்று. மருந்து மாஸ்டரில் (மென்பொருளின் அடிப்படைப் பட்டியல்) ‘ஒரு பேக் = 400 யூனிட், முழு எண்ணாக மேலே ஏற்று’ என்று பதிந்தால் கணக்கு தானாக வரும்.

ஹைட்ராக்ஸியூரியாவில் என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது எண்ணிக்கைக் குறைவு இல்லை, அந்தக் குறிப்புக் கட்டம். ‘5 நாள் 1, 2 நாள் 2’ என்பதை அவசரத்தில் ‘5 நாள் 2’ என்று படித்துவிட்டால் வாரத்துக்கு 9 கேப்சூல் 12 ஆகிவிடும். நாளுக்குச் சராசரி 643 மி.கி. போய் 857 மி.கி. ரத்த அணுக்களைக் குறைக்கும் மருந்து இது. எந்தக் கிழமை எத்தனை என்று கிழமையின் பெயரோடு இருக்க வேண்டும். ஞாயிறு, புதன் இரண்டு. மற்ற நாள் ஒன்று. தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு லீவு நாள் என்பதால் நினைவில் நிற்கும்.

ஒற்றைப்படைத் தேதி, இரட்டைப்படைத் தேதி என்று மட்டும் போடாதீர்கள். 31-ஆம் தேதிக்கு அடுத்தது 1-ஆம் தேதி, இரண்டும் ஒற்றைப்படை. இரண்டு கேப்சூல் நாள் அடுத்தடுத்து வந்துவிடும்.

கூடலூர்_மருந்தகம்:

நன்றி சார். கிழமை வாரியாக இரண்டு ஆர்டர் போட்டுப் பார்த்தோம், டூப்ளிகேட் என்று நிறுத்துகிறது. அந்தச் சோதனையை இந்த மருந்துக்கு மட்டும் அணைத்துவிடலாமா?

கோத்தகிரி_ஐடி:

அணைக்காதீர்கள். வேறொரு ஓ.பி.யில் அதே மருந்தை இன்னொரு டாக்டர் எழுதினால் தடுக்க ஆள் இருக்காது. இரண்டு ஆர்டராகப் பிரிப்பதில் வேறு தொல்லையும் உண்டு: ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். ‘தினமும் 1, கூடுதலாக ஞாயிறு, புதன் 1’ என்று பிரித்தால் இன்னும் மோசம். வார்டு சார்ட்டில் ஒரே மருந்து இரண்டு வரி வரும், யாராவது தவறுதலாக வந்தது என்று ஒன்றை அடித்துவிடுவார்கள்.

சரியான அமைப்பு, ஒரே ஆர்டருக்குள் பல டோஸ் வரிகள். ஒவ்வொரு வரியிலும் வரிசை எண், டோஸ், வேளை, கிழமை, தொடக்கம், முடிவு இருக்க வேண்டும். ஃபயர் (FHIR) என்ற மருத்துவத் தகவல் பரிமாற்றத் தரநிலையில் ‘டோசேஜ்’ இப்படித்தான் அமைந்திருக்கிறது: வரிசை எண் ஒன்றாக இருந்தால் வரிகள் ஒரே காலத்தில் நடப்பவை, எண் ஏறிக்கொண்டே போனால் ஒன்றன்பின் ஒன்றாக. ஹைட்ராக்ஸியூரியாவின் இரண்டு வரிக்கும் எண் 1. டேப்பரின் ஐந்து படிக்கும் 1 முதல் 5. டூப்ளிகேட் சோதனை ஆர்டர் அளவில் மட்டும் நடக்கும். நிறுத்தினால் எல்லா வரியும் சேர்ந்தே நிற்கும்.

உங்களுடையது பாம்னி என்ற மருத்துவமனை மென்பொருளைப் போல, ஓப்பன்எம்ஆர்எஸ் (OpenMRS) என்ற திறந்த மூல மருத்துவப் பதிவு மென்பொருளின் மேல் கட்டியது என்றால், மாறும் டோஸ் என்ற தேர்வில் காலை, மதியம், மாலை என்ற மூன்று எண்தான் இருக்கும். கிழமைக்கு அதில் இடமில்லை. அப்போது ஏழு கட்டம் கொண்ட ஒரு வார வடிவ மாஸ்டர் வைத்துக்கொள்ளுங்கள்: ஞா 2, தி 1, செ 1, பு 2, வி 1, வெ 1, ச 1. கூட்டுத்தொகை 9. டாக்டர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். எண்ணிக்கை, லேபிள், வார்டு சார்ட் மூன்றும் அந்த ஏழு கட்டத்திலிருந்தே வருகின்றன. எக்காரணம் கொண்டும் டோஸ் கட்டத்தில் ‘வாரத்துக்கு 9’ என்று போடாதீர்கள். ஒரே வேளையில் ஒன்பதை எடுத்துக் கொடுக்கச் சொல்வதாக ஆகிவிடும்.

அப்படிப்பட்ட மென்பொருளில் டேப்பருக்கு எதிர்காலத் தேதி போட்டுத் தனித்தனி ஆர்டராக எழுதலாம். மறுப்பது பெரும்பாலும் மணியால்தான். இன்று பகல் 2 மணிக்கு எழுதிய 5 நாள் ஆர்டர் ஆறாம் நாள் பகல் 2 மணிக்குத்தான் முடிகிறது. அடுத்த படி ஆறாம் நாள் காலை 8 மணிக்குத் தொடங்கினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. முதல் டோஸ் உடனே வேண்டியதில்லை என்றால் முதல் படியை இன்று நள்ளிரவு 12 மணிக்கு, அதாவது நாளைய தேதி பிறக்கும்போது தொடங்க வையுங்கள், மற்றவை வரிசையாக உட்காரும். இன்றே தொடங்க வேண்டுமானால் இன்றைய டோஸை ஒரு தடவை மட்டும் என்று தனியாக எழுதி, அதை முதல் நாளாகவே கணக்கில் வையுங்கள். முதல் படியில் மீதி 4 நாள்.

நடுவில் டாக்டர் ஒரு படியை நீட்டினால் பின்னால் உள்ளவை தானாக நகராது. மீதிப் படிகள் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டுப் புதிதாக எழுதுவதே பாதுகாப்பு. ஸ்டீராய்டில் நடுவே ஒரு நாள் இடைவெளிகூட விழக் கூடாது.

குன்னூர்_பார்மசிஸ்ட்:

இதோடு ஒன்று. டேப்பரை ஆர்டரில் மி.கி.யிலும் லேபிளில் மாத்திரை எண்ணிக்கையிலும் காட்டுங்கள். 10 மி.கி. மாத்திரையில் 4, 3, 2, 1 என்று 50 மாத்திரை; கடைசி படிக்கு 5 மி.கி. 5 மாத்திரை. 10 மி.கி. ஸ்டாக் இல்லை என்று எல்லாவற்றையும் 5 மி.கி.யில் கொடுத்தால் 105 மாத்திரை, முதல் படி நாளுக்கு 8. மாற்றிக் கொடுக்கும்போது லேபிள் மறுபடி கணக்கிடப்பட வேண்டும். பழைய ‘4 மாத்திரை’ அப்படியே அச்சாகிவிட்டால் நோயாளி பாதி டோஸ்தான் சாப்பிடுவார்.

மெத்தோட்ரெக்சேட் உங்கள் பட்டியலில் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் தரும் மருந்தைத் தினசரி என்று போட்டு உயிர்கள் போயிருக்கின்றன. வாய்வழி மெத்தோட்ரெக்சேட்டுக்கு வார டோஸே மென்பொருளின் இயல்புநிலையாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பான ஐ.எஸ்.எம்.பி.யின் பரிந்துரை. கிழமையைத் தேர்ந்தெடுக்காமல் ஆர்டர் சேமிக்கவே விடக் கூடாது.

ஊட்டி_வார்டு_சிஸ்டர்:

வார்டு பக்கத்திலிருந்து. இன்சுலின் ஸ்லைடிங் ஸ்கேலை (அந்த நேரத்துச் சர்க்கரை அளவுக்கு ஏற்ப டோஸ் மாறும் அட்டவணை) வேளை டோஸாகப் போடாதீர்கள். குளுக்கோமீட்டர் அளவைப் பதிந்த பிறகே டோஸ் திரையில் வர வேண்டும். வரம்புகளை 151–200, 201–250 என்று இடைவெளியும் மோதலும் இல்லாமல் எழுதுங்கள். 150–200, 200–250 என்று இருந்தால் சரியாக 200 வரும்போது எந்த வரி என்று நிற்க வேண்டியிருக்கும். 70-க்குக் கீழே ஒரு வரி கட்டாயம்: இன்சுலின் இல்லை, சர்க்கரை கொடு, டாக்டரைக் கூப்பிடு.

கிழமை ஆர்டர்களில் நள்ளிரவைப் பாருங்கள். புதன் இரவு 10 மணி டோஸ் 12.10-க்குக் கொடுக்கப்பட்டால், புதன் டோஸ் விடுபட்டது என்றும் வியாழன் டோஸ் கொடுத்தாயிற்று என்றும் பதிவாகும். அட்டவணை நேரத்தின் கிழமையை எடுத்துக்கொள்ள வையுங்கள், கொடுத்த நேரத்தின் கிழமையை அல்ல. கேப்சூலைக் காலை வேளைக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

கூடலூர்_மருந்தகம்:

வார வடிவ மாஸ்டரே எங்களுக்கு ஒத்துவரும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் என்பதால் ஒரு வாரம் கூடுதலாகத் தர நினைக்கிறோம். ஆர்டரை 35 நாளாக்கலாமா?

குன்னூர்_பார்மசிஸ்ட்:

ஆக்கலாம், 45 கேப்சூல். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தேதி 28-ஆம் நாளிலேயே இருக்கட்டும், லேபிளிலும் அந்தத் தேதியே அச்சாகட்டும். டோஸைக் கூட்டுவது 8 வாரத்துக்கு ஒரு தடவை, கிலோவுக்கு 5 மி.கி. வீதம், அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான். கூட்டும்போது பழைய ஆர்டரைத் திருத்தாமல் புது வடிவத்தோடு புது ஆர்டர் போடுங்கள். 45 கிலோவுக்கு 20 மி.கி. என்றால் 900; ஆறு நாள் 2, ஒரு நாள் 1, வாரம் 13 கேப்சூல். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய கேப்சூலை எண்ணிக் கழித்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி_ஐடி:

மாஸ்டரை ஏற்றியதும் ஒரு சோதனை செய்யுங்கள். 9 கேப்சூல் வடிவத்தில் 10 நாள் ஆர்டர், ஒன்று ஞாயிறு தொடங்கி, இன்னொன்று வியாழன் தொடங்கி. முதலாவதற்கு 13, இரண்டாவதற்கு 12 வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண் வந்தால், மென்பொருள் கிழமையைப் பார்க்காமல் வாரச் சராசரியால் பெருக்குகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யும்வரை நோயாளிக்குத் திறந்துவிடாதீர்கள்.