படித்த நூல்களுக்குக் கணக்கு வேண்டுமா?

கரிசல்வாசி:
சென்ற ஆண்டு ஜனவரி முதல் நாளில் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, நான் படித்து முடிக்கும் ஒவ்வொரு நூலையும் வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணிக்கை, தொடங்கிய நாள், முடித்த நாள், ஒரு வரிக் கருத்து என ஏழு கட்டங்களில் எழுதி வந்தேன். டிசம்பர் 31 அன்று கூட்டிப் பார்த்தபோது 43 நூல்களும் 9,800 பக்கங்களும் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு என்ன படித்தேன் என்று கேட்டால் ஆறேழு தலைப்புகளுக்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

எண்ணிக்கையைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அந்த 43 நூல்களில் பெண்கள் எழுதியவை ஐந்து மட்டுமே. கவிதை நூல் ஒன்றுகூட இல்லை. சென்னைப் புத்தகக் காட்சியில் ஆசையாக வாங்கிவந்த 14 நூல்களில் ஒன்பது இன்னும் பையைவிட்டு வெளியே வரவில்லை. எதையும் பாகுபாடின்றிப் படிப்பவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்பதை அந்த நோட்டுத்தான் காட்டிக்கொடுத்தது. எனவே வாசகர் ஒவ்வொருவரும் இப்படி ஒரு பதிவேடு வைத்திருப்பது நல்லது என்று கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

தாழ்வாரம்:
மறுக்கிறேன் நண்பரே. உங்கள் ஏழு கட்டங்களில் ஆறு கட்டங்களை, புத்தகத்தில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் நிரப்பிவிட முடியும். வாசிப்புக்கென்று மிஞ்சியிருப்பது கடைசிக் கட்டம் ஒன்றுதான். அதற்கும் ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள்.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை, நானும் பட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைப்பேசிச் செயலியில் ஐம்பது நூல்கள் என்று இலக்கு வைத்துக்கொண்டேன். அக்டோபர் முடிவில் 31 நூல்களில் நின்றேன். அதன் பிறகு என் அலமாரியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. எது நன்றாக இருக்கும் என்று பார்க்காமல் எது மெலிதாக இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். பாதியில் இருந்த ஆயிரம் பக்க நாவலை மூடி வைத்துவிட்டு, எண்பது பக்க நூல்களாகத் தேடித் தேடி முடித்தேன். டிசம்பர் இறுதியில் செயலி வாழ்த்துச் சொன்னது. அந்த இரண்டு மாதங்களில் படித்தவற்றில் இன்று ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்த நாவலுக்கும் நான் திரும்பிப் போகவில்லை.

மறுவாசிப்பையும் நினைத்துப் பாருங்கள். ஒரே சிறுகதைத் தொகுப்பை நான்கு முறை படித்தவர் உங்கள் கணக்கில் ஒரு நூல் படித்தவர் ஆகிறார். நான்கு தொகுப்புகளை ஒருமுறை மேய்ந்தவர் அவரைவிட மூன்று நூல் முன்னே நிற்கிறார்.

அச்சுப்பிழை:
இடையில் ஓர் ஐயம். பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்கள் கொண்டது. அதை ஒரு நூல் என்று எழுதுவதா, ஐந்து என்று எழுதுவதா? எங்கள் வாசகர் வட்டத்தில் இருவர் இதற்காக ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். கூலிக்காக எழுத்தெண்ணிப் படித்த நூல்களை என் கணக்கில் சேர்க்கலாமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. என்னைவிடக் கவனமாக அவற்றை வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

நூலகி:
கிளை நூலகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். நாள்தோறும் எத்தனை நூல்கள் வெளியே சென்றன என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. எடுத்துச் சென்றவர் படித்தாரா என்பதை அந்தப் பதிவேடு ஒருநாளும் சொன்னதில்லை. ஆகவே எண்ணிக்கையைப் பற்றித் தாழ்வாரம் கொள்ளும் ஐயத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் எண்ணிக்கை வேண்டாம் என்பதற்காகப் பதிவே வேண்டாம் என்று சொல்வது சரியாகப் படவில்லை.

சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை, படிக்க வேண்டிய நூல்கள், படித்த நூல்கள் என்று குறிப்பேடுகளில் எழுதி வந்தார். அவருடைய பரிணாமக் கொள்கைக்குத் தூண்டுகோலாக இருந்த, பொருளியலாளர் மால்தஸ் மக்கள்தொகை பற்றி எழுதிய நூலை அவர் படித்தது 1838இன் பிற்பகுதியில். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது 1859இல். இடைப்பட்ட இருபதாண்டுகளில் அவர் எதற்குப் பின் எதைப் படித்தார் என்பதை இன்று ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர முடிகிறது என்றால் அந்தக் குறிப்பேடுகளே காரணம். யாரோடும் போட்டியிட அவர் அவற்றை எழுதவில்லை.

தாழ்வாரம்:
அம்மா, டார்வினுக்கு அது பணிக் கருவி. தச்சர் தம் உளிகளுக்குப் பட்டியல் வைப்பதைப் போன்றது அது. நாம் பெரும்பாலும் இன்பத்துக்காகப் படிக்கிறோம். இன்பத்துக்கு வரவேடு வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று, இன்றைய பதிவு பெரும்பாலும் பெட்டிக்குள் இருப்பதில்லை. அமெரிக்கப் பாடகர் ஆர்ட் கார்ஃபங்கல் 1968 ஜூன் முதல் படித்த நூல்களின் பட்டியலைத் தம் இணையதளத்திலேயே வைத்திருக்கிறார். ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் படித்த நூல்களைப் பதிந்து பிறரோடு பகிரும் குட்ரீட்ஸ் இணையதளம் 2007இல் வந்த பிறகு, 2013இல் அதை அமேசான் வாங்கிய பிறகு, பிறர் பார்க்கும்படி பட்டியல் வைப்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் துப்பறியும் நாவலைப் பட்டியலில் சேர்க்கக் கை தயங்கும். தத்துவ நூல் என்றால் முதல் அத்தியாயத்திலேயே சேர்த்துவிடும்.

கரிசல்வாசி:
என் நோட்டை என் மனைவிகூடப் படித்ததில்லை. எண்ணை இவ்வளவு பழிக்கிறீர்கள். எண் இல்லாமல், பெண் எழுத்தாளர்கள் ஐவர் மட்டுமே என்பது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? குறைவாகத்தான் இருக்கும் என்று ஊகித்திருப்பேன்; ஊகத்துக்கு நான் வெட்கப்பட்டிருக்க மாட்டேன். இவ்வாண்டு இதுவரை படித்த 12 நூல்களில் ஏழு பெண்கள் எழுதியவை, இரண்டு கவிதைத் தொகுப்புகள். அந்த ஐந்து என்ற எண் செய்த வேலை இது. இலக்கு வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாட்டுக்கு இலக்குத்தான் பொறுப்பு, நோட்டு அல்ல. இருந்தாலும் பக்க எண்ணிக்கைக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. கருத்துக்கு அந்த இடமும் சேரும்.

நூலகி:
அந்த இடத்தில் "நிறுத்திய பக்கம்" என்று எழுதுங்கள். நான் 1987 முதல் அப்படித்தான் வைத்திருக்கிறேன். முடித்தவற்றை மட்டும் எழுதினால் உங்கள் நோட்டும் உங்களை முகத்துதி செய்யத் தொடங்கிவிடும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு புகழ்பெற்ற நாவலை இளமையில் படித்துவிட்டேன் என்று முப்பதாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். நூலகத்துக்கு வந்த பிள்ளைகளிடம் அதைப் பரிந்துரைத்தும் இருக்கிறேன். முடிவைப் பற்றிக்கூடப் பேசியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பின் பழைய நோட்டுகளை அடுக்கும்போது பார்த்தால், 1991இல் அந்தத் தலைப்புக்கு நேரே என் கையெழுத்திலேயே இருந்தது: 112ஆம் பக்கத்தில் நிறுத்தினேன், பொறுமை இல்லை. அதன்பின் வெளிவந்த திரைப்படத்தைப் பார்த்து மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டிருக்கிறேன். நினைவில் நிற்பதே படித்தது என்று யாராவது சொன்னால் அதனால்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது. எனக்கு நன்றாக நினைவில் நின்றது நான் படிக்காத பகுதி.

தாழ்வாரம்:
இதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை, அம்மா. நிறுத்திய பக்கத்தை எழுதும் நோட்டு என்றால் நானும் ஒன்று வாங்கலாம். அந்த ஆயிரம் பக்க நாவல் முதல் வரியில் வரும். அந்த நூலை இப்போதாவது முடித்துவிட்டீர்களா?

நூலகி:
இல்லை. 113ஆம் பக்கத்திலிருந்து தொடங்குவதா, முதலிலிருந்து தொடங்குவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.