கோழிப் பண்ணையில் கண் எரிந்த அனுபவம் உண்டா?

நாமக்கல் பக்கத்திலிருந்து:

பெரியப்பா முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். ஐப்பசி அடைமழையில் ஷெட்டுக்குள் போனால் மூக்கில் நெடி ஏறும் முன்பே கண் எரியும். கூண்டுக்குக் கீழே மாதக்கணக்கில் எரு குவிந்து கிடக்கும். காய்ந்திருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. கோழிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகி நனைந்த இடத்தில்தான் வினை. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் அமோனியாவாக்க ஈரமும் சூடும் போதும்.

ஒருமுறை ஈரத்தை இழுக்கட்டும் என்று வேலையாட்கள் சுண்ணாம்பைத் தூவினார்கள். நெடி குப்பென்று ஏறியது. காரத்தன்மை கூடினால் எருவில் அடங்கியிருக்கும் அமோனியம் வாயுவாகக் கிளம்பிவிடும். இமை ஒட்டிக்கொண்ட கோழிகள் தீவனத்தட்டு பக்கமே வராமல் நின்றன. கால்நடை மருத்துவர் வந்து, "மொதல்ல ஒழுகுற நிப்பிளை மாத்துங்க. எருவுல ஏதாச்சும் போட்டே ஆகணும்னா சூப்பர் பாஸ்பேட் போடுங்க" என்றார்.

பக்கப் படுதாவைத் தூக்கிவிட்டால் ஷெட்டுக்குள் காற்று தெளிந்துவிடும். வெளியே போன நெடி என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

நெதர்லாந்து, ஐந்தோவனிலிருந்து:

என்ன ஆகிறது என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். ஊருக்குப் பக்கத்தில் ஸ்ட்ராப்ரெக்ட் என்ற மணல்வெளி. ஆகஸ்டில் ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து அந்த இடம் முழுக்க ஊதாவாகிவிடும் என்று நண்பர்கள் கூட்டிப்போனார்கள். பல இடங்களில் புல்தான் மண்டிக் கிடந்தது. ஹெதர் சத்தில்லாத மண்ணுக்குப் பழகிய செடி. அமோனியாவிலுள்ள நைட்ரஜன் காற்றிலிருந்து படியப் படியப் புல் கொழுத்து அதை அமுக்கிவிடுகிறது. இந்நாட்டு அமோனியாவில் பெரும்பங்கு கால்நடைப் பண்ணைகளுடையது. கொஞ்சம் பக்கத்திலேயே படியும். மீதி காற்றிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகி வெகுதூரம் போகும்.

இந்நாட்டின் நடுப்பகுதியிலுள்ள வெலுவே காடுகளின் கதை இன்னும் கொடுமை. இப்படிப் படிவதால் மண் அமிலமாகிக் கால்சியம் கரைந்துபோக, நத்தைகள் அருகின. நத்தை ஓடு கிடைக்காத பட்டாணிக்குருவிகளின் குஞ்சுகள் கூட்டுக்குள்ளேயே கால் ஒடிந்து கிடந்தன. அதைப் படித்த அன்று மனசே சரியில்லை.

2019 மே மாதம் உச்ச நிர்வாக நீதிமன்றம், நைட்ரஜன் விஷயத்தில் பண்ணைகள் முதலியவற்றுக்குத் தாராளமாக அனுமதி தந்த அரசுத் திட்டத்தை ரத்து செய்தது. பழியெல்லாம் தங்கள்மேல் விழுவதை எதிர்த்து அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களோடு ஹேக் நகருக்குத் திரண்டார்கள். பண்ணையைப் பெரிதாக்கச் சொல்லி ஊக்குவித்துவிட்டு இப்போது அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

உங்கள் பெரியப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். எரு வாங்குகிறவர்கள் அதை வயலில் இறைத்த அன்றே உழுது மண்ணால் மூடிவிடட்டும். இங்கே சாணக் கரைசலை மண்ணுக்குள் செலுத்த வேண்டும் என்பது 1990களிலிருந்தே சட்டம். நைட்ரஜன் பயிருக்கே போய்ச் சேரும், யூரியாச் செலவும் குறையும்.