94-ஆ, 95-ஆ? எட்டு நிமிட அஞ்சலிக்காரர்களுக்கு

பழைய பிழைதிருத்தி (காலை 6.40)
நேற்று இரவு அஸ்தம்பட்டிக்காரர் இங்கே அடித்துக்கொண்ட பெருமையைப் படித்தேன். "பிரபலம் யாராவது இறந்தால் எட்டே நிமிடத்தில் எங்கள் தளத்தில் அஞ்சலிக் குறிப்பு ஏறிவிடும். வயது ஒன்று முன்னே பின்னே இருந்தால் யாரும் செத்துப்போக மாட்டார்கள்" என்கிறார். ஒருவர் செத்துப்போனதால்தானே ஐயா நீங்கள் எழுதவே உட்காருகிறீர்கள்?

அவருடைய தளத்தைத் திறந்து பார்த்தேன். கலைஞர் கருணாநிதி "95 வயதில் காலமானார்" என்று இருக்கிறது. பிறந்தது 1924 ஜூன் 3. மறைந்தது 2018 ஆகஸ்ட் 7, மாலை 6.10. விரல் விட்டு எண்ணினாலும் 94 ஆண்டு, இரண்டு மாதம், நான்கு நாள். 'மந்திரி குமாரி'க்கு வசனம் எழுதியவர். அதை எடுத்தது நம் சேலத்தில், ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ். தமிழின் முதல் வண்ணப் படத்தை எடுத்த நிறுவனம். நம் ஊர் வளர்த்த எழுத்தாளருக்கு நம் ஊர்த் தளமே வயதைத் தவறாகப் போடுகிறது. 94. தொண்ணூற்று நான்கு. முப்பத்தோராண்டு மெய்ப்புப் பார்த்தவன் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டிக்காரன் (7.05)
ஐயாவுக்கு வணக்கம். 2018 ஜூன் 3 அன்று கொண்டாடியது எத்தனையாவது பிறந்தநாள்? 95-ஆவது. இரண்டே மாதத்தில் அவர் வயதில் ஒன்றைக் கழித்தது யார்? வயது ஏறித்தான் பார்த்திருக்கிறேன், இறங்கிப் பார்த்ததில்லை. 2023 ஜூன் 3 அன்று நூற்றாண்டு விழாவும் தொடங்கியாயிற்று. உங்கள் கணக்கில் அன்று 99. ஆக, ஊர் உலகத்துக்குக் கணக்குத் தெரியாது, மெய்ப்பு மேசைக்கு மட்டும்தான் தெரியும்.

மரவனேரி மாணவன் (7.20)
94 நிறைந்து 95 நடந்துகொண்டிருந்தது. "95-ஆம் வயதில்" என்றால் சரி, "95 வயதில்" என்றால் தவறு. பிறந்த அன்றையே முதல் பிறந்தநாளாக எண்ணியதால் வந்த குழப்பம் இது. நிறைந்த வயதா, நடப்பு வயதா என்று முடிவு செய்துகொண்டால் இருவருக்கும் சண்டையே இல்லையே?

பழைய பிழைதிருத்தி (7.24)
தம்பி, பஞ்சாயத்துக்கு உங்களை யாரும் அழைக்கவில்லை. 94.

அஸ்தம்பட்டிக்காரன் (7.25)
தம்பி சொன்னதில் முன்பாதி தேவையில்லை. 95.

ஏற்காட்டுக் காப்பி (8.10)
வயது கிடக்கட்டும். ஆள் போய்விட்டாரா என்பதையாவது கேட்டுக்கொண்டு எழுதுங்கள். 2020 ஜூனில் சேலத்திலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு மேலே வந்தேன். அடிவாரத்தில் கைப்பேசியைப் பார்த்தபோது பாடகி எஸ். ஜானகி 'காலமாகியிருந்தார்'. 20 கொண்டை ஊசி வளைவுகளில் தொடர்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மேலே வந்து சேர்ந்தபோது நலமாக இருந்தார். இடையில் ஒருவர் அவருக்கு இரங்கற்பாவே எழுதி முடித்துவிட்டார். எஸ்.பி. பாலசுப்பிரமணியம் காணொளியில் வந்து கடிந்துகொண்டார். பாவம், அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று அவருக்கே எல்லோரும் எழுத வேண்டியதாயிற்று.

பழைய பிழைதிருத்தி (8.31)
காப்பிக்காரர் நல்லதை எடுத்தார். 2016 டிசம்பர் 5 மாலை நினைவிருக்கிறதா? முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்துவிட்டதாகத் தொலைக்காட்சிகளில் ஓடியது. கட்சி அலுவலகத்துக் கொடி இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏறியது. உயிர் பிரிந்ததாக அறிவித்த நேரம் இரவு 11.30. அன்று முந்திக்கொண்டவர்களில் ஒருவர் முகமாவது யாருக்காவது நினைவிருக்கிறதா? மருத்துவமனை அறிக்கை, இல்லையென்றால் குடும்பத்தார் வாய்மொழி. இரண்டும் இல்லாமல் ஒரு வரி நகரக் கூடாது. எங்கள் மேசையில் அதுதான் சட்டம். எட்டு நிமிடத்தில் முட்டைகூட சரியாக வேகாது.

கலைஞரின் வயதும் அப்படித்தான். 94.

அஸ்தம்பட்டிக்காரன் (8.40)
அன்று தவறியவை தொலைக்காட்சிகள். எங்கள் தளம் அப்போது பிறக்கவேயில்லை. எட்டு நிமிடம் எப்படி முடிகிறது என்று சொல்கிறேன். முக்கியமானவர்களுக்கு முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம். பிறப்பு, படிப்பு, பணி, விருது எல்லாம் தயார். தேதி மட்டும் காலியாக இருக்கும்.

குகை வாசகி (8.52)
உயிரோடு இருப்பவருக்கு எழுதி வைப்பீர்களா? விளக்கு வைத்த நேரத்தில் இதை என் மாமியார் கேட்டால் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

பழைய பிழைதிருத்தி (8.58)
அம்மா, எழுதி வைப்பது குற்றமில்லை. பெரிய பத்திரிகைகள் எல்லாம் செய்வதுதான். எழுதி வைத்ததைக் கடைசி நாளில் மறுபடி படிக்காமல் ஏற்றுவதுதான் குற்றம். வாணி ஜெயராமுக்கு 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள். பிப்ரவரி 4 அன்று மறைந்தார். கையில் வாங்கவில்லை. "பத்மபூஷண் பெற்றவர்" என்று எழுதினால் பொய், "அறிவிக்கப்பட்டவர்" என்றால் மெய். நம் எட்டு நிமிடக்காரர் தளத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன் (9.02)
திருத்திவிட்டோம்.

பழைய பிழைதிருத்தி (9.03)
எப்போது?

அஸ்தம்பட்டிக்காரன் (9.09)
இப்போது.

குகை வாசகி (9.30)
நானும் போய்ப் பார்த்தேன். கலைஞர் பக்கத்தில் "இறைவனடி சேர்ந்தார்" என்று ஒரு வரி இருக்கிறது. கடைசிவரை கடவுள் மறுப்பாளராக வாழ்ந்தவரை யார் அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள்? "மறைந்தார்" என்றால் போதாதா? அதற்குக் கீழே "உடல் தகனம் செய்யப்பட்டது" என்று வேறு. ஆகஸ்ட் 8 அன்று மெரினாவில் அண்ணா நினைவிடத்துக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். அந்த இடத்துக்காக இரவோடு இரவாக உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததை நாடே விழித்திருந்து பார்த்தது. எல்லோருக்கும் ஒரே அச்சா அண்ணா? கொழுக்கட்டையா பிடிக்கிறீர்கள்?

அஸ்தம்பட்டிக்காரன் (9.41)
அக்கா, அந்த இரண்டு வரிகளும் பயிற்சிக்கு வந்த பையன் எழுதியவை. எடுத்துவிட்டேன். ஆனால் வயது 95 அப்படியே இருக்கும். அதில் நான் அசைய மாட்டேன்.

பழைய பிழைதிருத்தி (9.44)
அடக்கத்தைத் தகனம் என்றவர் வயதில் மட்டும் அரிச்சந்திரனா? அக்கா சொன்னதும் திருத்துகிறார், நான் சொன்னால் மானப் பிரச்சினை. இந்த மனிதர் மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கட்டுரையை "நீளம்" என்று திருப்பி அனுப்பியவர். அதையும் நான் மறக்கவில்லை. 94, 94, 94.

ஏற்காட்டுக் காப்பி (10.15)
பிழைதிருத்தி ஐயா, ஒரு சின்ன சந்தேகம். காலையில் "தமிழின் முதல் வண்ணப் படம்" என்று எழுதினீர்கள். 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைத்தானே சொல்கிறீர்கள்? அதற்கு முன்பே சில படங்களில் சில காட்சிகள் வண்ணத்தில் வந்திருக்கின்றன. முதல் *முழுநீள* வண்ணப் படம் என்றல்லவா இருக்க வேண்டும்?

பழைய பிழைதிருத்தி (10.22)
வேகத்தில் ஒரு சொல் விட்டுப்போயிற்று. சொல்லாமலே விளங்கும் சொல்தான்.

அஸ்தம்பட்டிக்காரன் (10.22)
எத்தனை நிமிட வேகம் ஐயா? எட்டா?

பழைய பிழைதிருத்தி (10.35)
நான் எழுதியது அஞ்சலிக் குறிப்பு அல்ல, கருத்து. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. கருத்தில் விட்டுப்போனால் யாரும்...

மரவனேரி மாணவன் (10.36)
செத்துப்போக மாட்டார்கள்?

பழைய பிழைதிருத்தி (10.38)
தம்பி, நீங்கள் படிக்கிற வேலையைப் பாருங்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1963-இல் மறைந்தபோது இரங்கல் செய்தியை ஈய எழுத்தாகக் கோத்து அடித்தார்கள். ஓர் எழுத்து தவறினால் மறுபடி கோக்க வேண்டும், அதனால் கோப்பதற்கு முன்பே யோசித்தார்கள். உங்களுக்கு ஒரு பொத்தான் அழுத்தினால் திருத்தம். திருத்தியதாக அடியில் ஒரு வரிகூடப் போடுவதில்லை. காலை 9.09-க்குத் திருத்தியதை எந்த வாசகருக்குச் சொன்னார் இவர்? திருட்டுத்தனமாகத் திருத்துவது தவறைவிட மோசம்.

குகை வாசகி (11.00)
அப்படியானால் நானும் ஒன்று கேட்கிறேன். பதினாறு ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுத்தோம். எந்தப் பத்திரிகை என்று சொல்ல விரும்பவில்லை. வேறு யாரோ ஒருவர் படத்தைப் போட்டுக் கீழே அப்பா பெயரை அச்சடித்தார்கள். கருமாதிக்கு வந்தவர்கள் எல்லோரும் "படத்தில் அடையாளமே தெரியவில்லையே" என்றார்கள். அந்த ஆண்டு சேலத்தில் நீங்கள் எந்த மேசையில் இருந்தீர்கள் ஐயா?

பழைய பிழைதிருத்தி (11.19)
விளம்பரப் பகுதி எங்கள் மேசைக்கு வராது அம்மா. அது தனிப் பிரிவு.

அஸ்தம்பட்டிக்காரன் (11.20)
பயிற்சிக்கு வந்த பையன் போலிருக்கிறது.

குகை வாசகி (11.26)
படம் மட்டுமல்ல. வயது 71 என்று போட்டிருந்தார்கள். நாங்கள் எழுதிக் கொடுத்தது 72.

பழைய பிழைதிருத்தி (11.27)
பிறந்த தேதியைச் சொல்லுங்கள் அம்மா, பார்த்துச் சொல்கிறேன்.