ஊஞ்சல் கொக்கி தாங்குமா? கணக்குத் தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு சந்தேகம். கல்லிடைக்குறிச்சியில எங்க பழைய வீட்டுல தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை சும்மா கிடக்கு. மறுபடி மாட்டணும். ஆசாரி நாலு கம்பி, 12 மி.மீ. உருட்டுக் கம்பி போடச் சொல்லுதாரு.

டிப்ளமோவுல படிச்சதை வச்சு கணக்குப் போட்டேன். பலகையும் ஆளுமா 200 கிலோ, அதாவது ஏறத்தாழ 1960 நியூட்டன். ஒரு கம்பிக்கு 490. கம்பியோட குறுக்குவெட்டுப் பரப்பு 113 சதுர மி.மீ. விசையைப் பரப்பால வகுத்தா தகைவு (ஸ்ட்ரெஸ்) சதுர மி.மீ.க்கு 4.3 நியூட்டன்தான் வருது. சாதாரண மைல்டு ஸ்டீல் 250 வரைக்கும் அசராது. அப்போ 6 மி.மீ. போதுமேன்னு கேட்டேன். "ஆடாம சும்மா உக்காரவா ஊஞ்சல் போடுதிய?"ன்னு சிரிச்சுட்டாரு.

அதுவும் சரிதான். செங்குத்துல இருந்து 60 டிகிரி வீசி ஆடினா, கீழ வரும்போது இழுவிசை ரெண்டு மடங்கு. அப்பவும் தகைவு 8.7 தான்.

எனக்கு இடிக்கிறது வேற. கொக்கி வளைவுல இழுவையோட வளைவுத் தகைவும் சேருமே, உள்பக்கம்தானே அதிகம்? அதை எப்படிக் கணக்குப் போட? மரை வெட்டின இடத்துல பரப்பும் குறையுது, பள்ளத்துல தகைவும் குவியுது. எத்தனை மடங்கு பாதுகாப்பு வைக்கணும்? கம்பி தாங்கினாலும், மேல வாஷர் அழுத்துற இடத்துல பழைய உத்திரம் நசுங்காதா? உத்திரத்துல கரையான் அரிச்ச தடம் வேற ரெண்டு இடத்துல இருக்கு.

ஆச்சி பொங்கலுக்குள்ள ஊஞ்சல்ல உக்காரணும்னு ஒத்தக்கால்ல நிக்காவ. கட்டட வேலை, லேத் வேலை தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.