கலர் கலரான ரூமுக்கு ஜன்னல் பிளைண்ட்ஸ்: வேலூர் பக்கத்து ஆளுங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சத்துவாச்சாரி_அக்கா

ஹால் எப்படின்னு மொதல்ல சொல்லிடறேன். ஒரு சுவர் கடுகு மஞ்சள், மத்த மூணும் வெள்ளை. வாலாஜாவுல ஒரு பழைய வீடு இடிச்சப்ப வாங்குன மயில் நீலக் கதவை டீப்பாயா போட்டிருக்கோம், காளஹஸ்தி கலம்காரி பெருசா ஒண்ணு மாட்டியிருக்கு, ஷெல்ஃப் பூரா நீலக் கரிகிரி பானை, மாமனாரோட சிவப்பு ரெக்சின் சோபா. எதுவும் எதுக்கும் ஜோடி இல்ல, ஆனா எனக்கு உசுரு அந்த ஹால். மேற்கு பாத்த ஜன்னல், அக்னி நட்சத்திரத்துல மூணு மணிக்கு மேல அந்தப் பக்கம் உக்கார முடியாது, அதுக்காக பிளைண்ட்ஸ் போடற தம்பி ஒருத்தரை வரச்சொன்னோம்.

அவரு செருப்ப விட்டுட்டு வாசல்லயே நின்னு ஒரு சுத்து பாத்தாரு. பாத்துட்டு, "அக்கா, இந்த வீட்ல எல்லாமே பேசிகினு கீது, ஜன்னலாவது வாய மூடிகினு இருக்கட்டும்"னு சொல்லி பீஜ் கலர், அதான் வெளிர் மண் கலர், ரோலர் (மேல உருளைல சுருளுற பிளைண்ட்ஸ்) சாம்பிளை எடுத்து சோபா மேல வெச்சாரு. எனக்கு அந்த மயில் நீலத்துக்குப் பொருந்துற மாதிரி பச்சநீலம் வேணும், அந்தத் துணியை நானே எடுத்து ஜன்னல்ல புடிச்சேன், சாயந்திர வெயில் அதுக்குள்ள பூந்து வந்துச்சு பாருங்க, எதுத்த வெள்ளைச் சுவரு, தரை, அங்க நின்னுட்டு இருந்த என் பொண்ணு மூஞ்சி எல்லாம் பாசி புடிச்ச மாதிரி பச்சையா ஆயிடுச்சு. பானையோட நீலம் போன எடம் தெரியல. சரின்னு அவரோட பீஜ் துணிய புடிச்சேன், அதுல ஹால் மொத்தமும் மண் கலரு. அவரும் ஒண்ணும் சொல்லல, நானும் சொல்லல, காபி குடிச்சிட்டுப் போயிட்டாரு.

இன்னும் முடிவு பண்ணல. ஆனா அந்த "வாய மூடிகினு" மனசுல நிக்குது. கலரா வெச்சிருக்கறவங்க ஜன்னலுக்கு இன்னா பண்ணீங்க?

காந்திநகர்_காட்பாடி

அக்கா அவர் சொன்னதுல பாதி சரி. எங்க வாடகை வீட்டு கதை கேளுங்க. ஹவுஸ் ஓனர் ஏற்கனவே ஜீப்ரா பிளைண்ட்ஸ் மாட்டி வெச்சிருந்தாரு, அதான் ஒரு பட்டை துணி ஒரு பட்டை வலைன்னு மாறி மாறி வரும்ல அது. எங்க கிட்ட பவானி ஜமக்காளம், பட்டை பட்டையா செவப்பு பச்சை மஞ்சள். சுவத்துல அண்ணன் வரைஞ்ச பெரிய படம். மத்தியானம் வெயில் அந்த வலைப் பட்டை வழியா வந்து ஜமக்காளத்து மேல குறுக்கால கோடு கோடா விழும். சென்னைலருந்து தங்கச்சி வந்தா, உக்காந்து ரெண்டு நிமிஷம் கூட ஆகல, "அண்ணா கண்ணு கட்டுது, எழுந்து அந்தப் பக்கம் போலாமா"ன்னா. நல்லா இருக்கற ஜமக்காளம், நல்லா இருக்கற பிளைண்ட்ஸ், ரெண்டும் ஒரே ரூம்ல இருக்கக் கூடாது, அவ்ளோதான்.

அதனால நான் சொல்றது, ரூம்ல கோடு இருந்தா ஜன்னல்ல கோடு வேணாம். பெரிய பூ டிசைன் இருந்தா ஜன்னல்ல இன்னொரு பெரிய பூ வேணாம், வேணும்னா பொடிப் பொடியா புள்ளி போட்ட துணி போடலாம், டிசைன் சைஸ் நல்லா வித்தியாசமா இருக்கணும், கிட்டத்தட்ட ஒரே சைஸ்னாதான் சண்டை. கலர் எடுக்கறதுன்னா ரூம்ல எது கம்மியா இருக்கோ அதுலருந்து எடுங்க. உங்க ஹால்ல மஞ்சள் நெறைய, சிவப்பு பெருசு, நீலம் டீப்பாய். கலம்காரில ஒரு ஓரத்துல காவிக்கல்லு கலர் இருக்கும் பாருங்க, அத எடுங்க. அப்புறம் சுவரோட பெயின்ட்டுக்கு அச்சு அசலா மேட்ச் தேடாதீங்க, கிடைக்காது, கிட்ட வந்து நிக்கற கலர்தான் மோசமா தெரியும், ஒண்ணு நல்லா தள்ளி இருக்கணும் இல்ல ரெண்டு ஷேடு கீழ இருக்கணும். பீஜ் மட்டும் வேணாம், பீஜ்ல கூட பத்து வகை இருக்கு, ரோஸ் அடிக்கறது, பச்சை அடிக்கறது, மஞ்சள் சுவர் பக்கத்துல ரோஸ் அடிக்கற பீஜ் வந்தா அழுக்கு துணி மாட்டுன மாதிரிதான்.

குடியாத்தம்_கைத்தறி

பாதி சரியாம்ல. முழுசும் தப்பு அந்தத் தம்பி சொன்னது. ஜன்னல் ஏன் வாய மூடணும்? சாம்பிள் புக்ல இருக்கறத விக்கணும் அவருக்கு, அந்த புக்ல கலரே பத்துல ரெண்டுதான் இருக்கும்.

எங்க வீட்ல குடியாத்தம் லுங்கித் துணில ரோமன் பிளைண்ட்ஸ் தெச்சோம். கட்டம் போட்டது, கருநீலம் மெரூன் கொஞ்சம் மஞ்சள் இழை. ரோமன்னா இழுத்தா அடுக்கடுக்கா மடிஞ்சு மேல போகும், பின்னாடி குறுக்கால கம்பி வெச்சு வளையம் தெச்சிருப்பாங்க. டெய்லர் வயசான ஆளு, லுங்கி ஓரம் அடிச்சே வாழ்ந்தவரு, பிளைண்ட்ஸ்லாம் தெச்சதில்ல. துணிய தரையில விரிச்சு கட்டத்தோட கோட்டை தொட்டுத் தொட்டு பாத்துகினே இருந்தாரு, அரை மணி நேரமா கத்திரியே எடுக்கல. இன்னா நைனா வெட்டலயான்னேன். "கட்டம் துளி கோணுச்சுன்னா ஜன்னலே கோணிகினு நிக்கும்மா, ஆயுசுக்கும் அத்தயே பாப்ப"ன்னாரு. அந்தக் கை இன்னும் கண்ணுல இருக்கு. எங்க ஊரு துணிக்கு அவ்ளோ மரியாதை குடுத்த ஒரு ஆளு, அவரு கிட்ட இப்ப யாரும் லுங்கி கூட கொண்டு போறதில்ல, எல்லாம் ரெடிமேட்.

அக்கா உங்க பச்சை வெளிச்சப் பிரச்சனைக்கு பதில் ரொம்ப சுலபம். பின்னாடி வெள்ளை லைனிங். கெட்டி பாப்லின் போதும், வெயில் ரொம்பன்னா வெளிச்சமே விடாத பிளாக்அவுட் லைனிங். அப்ப கலருக்குள்ள வெயில் அவ்ளோவா ஊடுருவாது, ரூம் பக்கம் பெரும்பாலும் துணியோட சொந்தக் கலர்தான் தெரியும். தெருலருந்து பாத்தாலும் எல்லா ஜன்னலும் ஒரே வெள்ளையா தெரியும். ஆனா கைத்தறி பருத்தின்னா வெட்றதுக்கு முன்னாடி துவைச்சு நெழல்ல காய வெச்சுடுங்க, சுருங்கும், சாயமும் மொத தண்ணில கொஞ்சம் போகும்.

ராணிப்பேட்டை_சிவில்

2019ல ஜில்லாவ மூணா பிரிச்சாலும் வெயில் நமக்கெல்லாம் ஒண்ணுதான். எல்லாரும் கலர் கலர்னு பேசறீங்க, யாரும் சூடு பத்தி பேசலயே.

மாமா வீட்ல மாடி ரூம். நல்ல கனமான பிளாக்அவுட் ரோலர். மே மாசம், நாலு மணி. இருட்டா இருக்கு, சூடு மட்டும் கொறையல. பிளைண்ட்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல கைய விட்டேன், வெடுக்குன்னு எடுத்துட்டேன், அவ்ளோ அனல் அங்க அடைஞ்சு நிக்குது.

காரணம் இதான். வெயில் கண்ணாடியத் தாண்டி உள்ள வந்தாச்சுன்னா நீங்க உள்பக்கம் என்ன மாட்டினாலும் அதுல ஒரு பங்கு ரூமுக்குள்ளதான் தங்கும். பின்பக்கம் வெள்ளையா இருந்தா கொஞ்சம் திருப்பி வெளிய அனுப்பும், கருப்பா இருந்தா வாங்கி வெச்சுக்கும். வெளிப்பக்கமே மறைச்சாதான் நல்ல பலன். நம்ம சன்ஷேடு உச்சி வெயிலத் தடுக்கும், மேற்கு வெயில் சாய்வா கீழ வரும், அதுக்கு சன்ஷேடு பத்தாது. அதனால மேற்கு ஜன்னலுக்கு வெளியில மூங்கில் தட்டி கட்டுங்க, முடிஞ்சா வெட்டிவேர் தட்டி, தண்ணி தெளிச்சா காத்து குளிர்ச்சியா வரும் வாசனையும் வரும். உள்ள நீங்க எந்தக் கலர் வேணா போட்டுக்கோங்க.

வெளிய மரம் மலைன்னு பாக்க இருந்தா சன்ஸ்கிரீன் துணி கேளுங்க, பொடி ஓட்டை உள்ளது. 1, 3, 5, 10 சதவீதம்னு வரும், அந்த நம்பர் துணில எவ்ளோ தொறந்த எடம்ங்கறது. மேற்குக்கு 3க்கு மேல போகாதீங்க. இதுல ஒரு விஷயம் கடைல சொல்ல மாட்டாங்க, அடர் கலர்ல வெளிய பாக்க தெளிவா இருக்கும், கண்ணும் கூசாது, வெளிர் கலர்ல காட்சி மங்கும் ஆனா சூட்ட நல்லா திருப்பும். ராத்திரி லைட் போட்டா எந்த சன்ஸ்கிரீனும் தெருவுக்கு உள்ள நடக்கறதக் காட்டிடும், பெட்ரூமுக்குன்னா கூட ஒரு திரை வேணும்.

அளவு எடுக்கறப்ப அகலம் மேல நடுவுல கீழன்னு மூணு எடத்துல எடுங்க, ஃப்ரேமுக்குள்ள மாட்டறதுன்னா இருக்கறதுலயே கம்மியானத குடுங்க. நம்ம வீட்ல கிரில் உள்பக்கம் இருக்கும், கொசு வலை வேற, ஃப்ரேமுக்குள்ள பெரும்பாலும் எடம் பத்தாது. அப்ப சுவத்து மேலயே மாட்டி ரெண்டு பக்கமும் கொஞ்சம் தாண்டி வர மாதிரி விடுங்க, ஓரத்துல வெளிச்சக் கோடு விழாது.

சத்துவாச்சாரி_அக்கா

தம்பி நல்லா சொன்னீங்க, தட்டி கட்றேன், ஆனா நான் கேட்டது அது இல்ல. தெனமும் கண்ணுல படப் போற துணி அது, சூடு கம்மியானா மட்டும் எனக்கு ஹால் ஆயிடாது.

ஆம்பூர்_அம்மு

சம்பந்தம் இருக்கோ இல்லயோ, ரோலர் போடற எல்லாரும் இதப் படிங்க. எங்க சொந்த அக்கா வீட்டு ரூம் நீங்க சொல்ற மாதிரிதான், ஆரஞ்சு சுவர், ராஜஸ்தான் மெத்தை உறை, பழைய போஸ்டர், ரொம்ப அழகு. மணி மணியா செயின் தொங்குற ரோலர். நாங்கல்லாம் தரையில உக்காந்து பிரியாணி சாப்டுட்டு இருக்கோம், அக்கா பையன் சோபா மேல ஏறி ஜன்னல் வழியா ரோட்ட பாத்துட்டு இருந்தான், திரும்பினான், அந்த செயின் வளையம் கழுத்துல. மாட்டி இழுக்கல, சும்மா மேல கெடந்துச்சு, என் மாமாதான் மொதல்ல பாத்தாரு, தட்டத் தாண்டி பாஞ்சாரு. ஒண்ணும் ஆகல. ஆனா எனக்கு இப்பவும் எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல செயின்தான் தெரியுது.

செயின சுவத்தோட இறுக்கிப் புடிக்கற கிளிப் வரும், கேட்டு வாங்கி ஸ்க்ரூ போட்டு மாட்டச் சொல்லுங்க. சின்னப் புள்ள இருக்கற வீடுன்னா கயிறே இல்லாம ஸ்ப்ரிங்ல ஏறி எறங்கற ரகம் போடுங்க. ஜன்னலுக்குக் கீழ சோபா கட்டில் வேணாம்.

ஆரணி_பொண்ணு

லுங்கித் துணின்னதும் ஞாபகம் வந்துச்சு. யாராவது பழைய பட்டுப் புடவைல தெக்கலாம்னு நெனச்சா, மேற்கு ஜன்னலுக்கு வேண்டவே வேணாம். எங்க அத்தை வீட்ல ஆரணிப் பட்டு, கத்திரிப்பூ கலரு, திரையா தொங்குச்சு. நான் ஒரு நாள் ஒதுக்கலாம்னு புடிச்சேன், விரலு அப்படியே துணிக்குள்ள போயிடுச்சு, சத்தம் கூட இல்ல. மடிப்பு மடிப்பா கிழிஞ்சு வந்துச்சு. வெயில் பட்டு இழைய தின்னுடும், கலர் மட்டும் இல்ல, பலமும் போயிடும். அத்தை ஒண்ணும் திட்டல, அந்தப் புடவை கல்யாணத்துக்கு அவங்க அம்மா எடுத்தது, கீழ விழுந்த துண்ட பொறுக்கி மடிச்சு எடுத்துனு உள்ள போனாங்க.

பட்டு வேணும்னா வெயில் படாத சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டுங்க. ஜன்னலுக்குப் பருத்தி, லினன், லைனிங்கோட.

காந்திநகர்_காட்பாடி

@குடியாத்தம், கட்டம் போட்ட துணி கலம்காரிக்கு எதுத்தாப்புலயா? நான் மேல சொன்னத படிச்சீங்களா?

குடியாத்தம்_கைத்தறி

படிச்சேங்க. கலம்காரில கொடியும் பூவும் வளைஞ்சு ஓடுது, கட்டம் நேரா நிக்குது, ரெண்டுக்கும் சண்டையே வராது. உங்க ஜமக்காளமும் ஜீப்ராவும் ரெண்டும் நேர் கோடு, அதான் அங்க கண்ணு கட்டுச்சு. அக்கா ரூம்ல நேர் கோடே இல்ல, பானை உருண்டை, சோபா உருண்டை. அங்க ஒரு கட்டம் வந்தா ரூமே நிமிந்து உக்காரும்.

சத்துவாச்சாரி_அக்கா

நேத்து மாமனாரோட பழைய குடியாத்தம் லுங்கி ஒண்ணு, கருநீலக் கட்டம், அதுக்குப் பின்னாடி வெள்ளை வேட்டிய நாலா மடிச்சு வெச்சு ஜன்னல் கிரில்ல கிளிப் போட்டு காலைல, மத்தியானம், சாயந்திரம், லைட் போட்டப்புறம்னு பாத்தேன். சுவரு மஞ்சளாவே இருக்கு. பானை நீலம் நீலமாவே இருக்கு. பொண்ணு "இது வந்தப்புறம்தான் சோபா ஏன் இங்க இருக்குன்னே புரியுது"ங்கறா. பிளைண்ட்ஸ் தம்பிக்கும் போன் பண்ணி ரோமனுக்கு மேல மாட்டற பட்டை, கயிறு சாமான் மட்டும் தனியா வாங்கித் தருவீங்களான்னு கேட்டேன், தர்றேன்னாரு, துணி என்னான்னு கேட்டாரு, சொன்னேன், வந்து பாக்கறேன்க்கான்னாரு.

குடியாத்தம், அந்த டெய்லர் இன்னும் கடை வெச்சிருக்காரா? எந்தப் பக்கம்?

குடியாத்தம்_கைத்தறி

வெச்சிருக்காரு அக்கா. போர்டு கிடையாது, இன்பாக்ஸ்ல வழி சொல்றேன். காலைல பதினொண்ணுக்குள்ள போயிடுங்க, துணிய துவைச்சு எடுத்துனு போங்க, இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாரு.